ஹீட் பம்ப் வெந்நீர்: தேன்கனிக்கோட்டை வீட்டில் இரண்டு குளிர்காலம் பார்த்த பிறகு

எங்கள் வீட்டில் வெந்நீருக்கு இதுவரை நான்கு வழிகளைப் பார்த்துவிட்டோம். முதலில் செம்புப் பாய்லர், விறகும் தேங்காய் மட்டையும் போட்டு எரிப்பது. அப்புறம் இரண்டு குளியலறையிலும் 25 லிட்டர் கீசர். 2014-ல் மொட்டை மாடியில் கண்ணாடிக் குழாய் வைத்த சோலார். 2023 டிசம்பரிலிருந்து, வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் 200 லிட்டர் ஹீட் பம்ப். இந்த நான்காவதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் வாங்கும்போது இதை விவரமாகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. விற்பவர்கள் சொன்னதில் பாதி சரியாக இல்லை. எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. எனக்கு வந்த தொல்லைகளில் பெரும்பாலானவை பொருத்தியவர்களாலும் எங்கள் ஊர்த் தண்ணீராலும் வந்தவை. நீங்கள் எந்தக் கம்பெனி வாங்கினாலும் அவை வரும்.

கிருஷ்ணகிரி மாவட்டம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மாந்தோப்பும் வெயிலும்தான் நினைவுக்கு வரும். ஓசூர் தாண்டி தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஏறினால் நிலைமை வேறு. தளியை வெள்ளைக்காரர்கள் குட்டி இங்கிலாந்து என்று சொன்னது சும்மா இல்லை. மார்கழி, தை மாதங்களில் விடிகாலை எங்கள் வாசலில் தொங்கும் வெப்பமானி 13, 14 டிகிரி காட்டும். ஆடி மாதச் சாரலிலும் குளிரும். வீட்டில் ஏழு பேர். அம்மாவுக்கு 83 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். காலை, மாலை இரண்டு வேளையும் சூடாக ஊற்றினால்தான் அவரால் நடக்க முடியும். பேரப்பிள்ளைகள் இருவருக்கும் பள்ளி வேன் 7.10-க்கு வந்துவிடும். ஆக, எங்களுக்கு ஒரு நாளைக்கு 180 முதல் 200 லிட்டர் வெந்நீர் வேண்டும்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் 31 வருடம் இருந்தேன். கம்ப்ரசர், சில்லர், குளிர்கோபுரம் எல்லாம் கைப்பட்ட பொருள்கள். அதனால்தான் பொருத்தும்போது நடந்த தவறுகள் என் கண்ணில் பட்டன. எல்லோர் வீட்டிலும் அப்படிப் படாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சோலாரை நான் குறை சொல்லவில்லை. முதல் இரண்டு வருடம் நன்றாகவே ஓடியது. எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். மூன்றாம் வருடம் குழாய்களைக் கழற்றியபோது அடிப்பகுதியில் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளைப் பொடி இறுகிக் கிடந்தது. குழாய்களை மாற்றினோம். அப்புறம் தொட்டியே ஒழுக ஆரம்பித்தது. அதோடு, எங்களுக்கு வெந்நீர் அதிகம் தேவைப்படும் ஆடியிலும் கார்த்திகையிலும்தான் வானம் மூடிக் கிடக்கும். கடைசி ஒன்றரை வருடம் கீசரையே நம்பி இருந்தோம். கீசரிலும் ஹீட்டிங் காயில் ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை உப்பேறிப் போகும்.

இதற்கு நடுவில் 2022-23 குளிர்காலத்தில் ஸ்வீடனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் தங்கினோம். வெளியே மைனஸ் 12. வீட்டுக்குள் 21 டிகிரி, எந்த அறையிலும் அடுப்போ ஹீட்டரோ கண்ணில் படவில்லை. துணி துவைக்கும் அறையில் ஃபிரிட்ஜ் அளவில் ஒரு பெட்டி மெல்ல முனகிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை விளக்கினார். வீட்டு முற்றத்தில் 160 மீட்டர் ஆழத்துக்குப் பாறையில் ஒரு போர். அதற்குள் யூ வடிவில் வளைந்த பிளாஸ்டிக் குழாய். அதில் எத்தனால் கலந்த தண்ணீர் சுற்றிவரும். பாறையில் இருக்கும் ஏழெட்டு டிகிரி வெப்பத்தை அது மேலே கொண்டுவரும். பெட்டியில் இருக்கும் கம்ப்ரசர் அந்த வெப்பத்தை அழுத்தி உயர்த்தி, வீட்டைச் சூடாக்கும் தண்ணீருக்குக் கொடுக்கும். அங்கே இதற்குப் பாறை வெப்பம் என்று பொருள்படும் பெயர். இமாச்சலப் பிரதேசத்து மணிகரணில் கொதித்து வரும் ஊற்றைப் போன்ற புவிவெப்பம் வேறு, இது வேறு. இதற்குச் சுடும் பாறை தேவையில்லை, வெளிக்காற்றைவிடப் பாறை கொஞ்சம் இதமாக இருந்தால் போதும். அவர் செய்யும் பராமரிப்பு என்று பார்த்தால், வருடத்துக்கு இரண்டு முறை வடிகட்டியைக் கழுவுவார், குழாயில் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். வேறெதுவும் இல்லை.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது எங்கள் வீட்டுப் பின்புறம் மூடி போட்டுக் கிடக்கும் போர். 2017 வறட்சியில் போட்டது. 1,050 அடி, ஆறரை அங்குலம். தண்ணீர் வரவில்லை, புகை மட்டும்தான் வந்தது. செலவு செய்த பணம் மண்ணுக்குள் போனதே என்று மனைவி இன்றும் வருத்தப்படுவார். அதற்குள் குழாயை இறக்கினால் என்ன? இன்னொரு போர் 640 அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. தை மாதக் காலையில் மோட்டார் போட்டதும் வரும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஊர் திரும்பியதும் அதில் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். 26 டிகிரி. வெளியே 14. பெரிய ஆவல் வந்துவிட்டது.

ஒரு மாதம் நோட்டில் கணக்குப் போட்டபிறகு அந்த எண்ணத்தை விட்டேன். இதே யோசனை வேறு யாருக்காவது வந்தால் உதவும் என்பதால் காரணத்தைச் சொல்கிறேன். ஸ்வீடனில் குளிர்காலம் முழுவதும், பகலிலும்கூட, காற்றைவிடப் பாறை சூடு. அதனால் ஆழத்தில் தேடுவதில் பலன் உண்டு. எங்கள் ஊரில் விடிகாலை 14 டிகிரி என்றாலும் மதியம் ஒரு மணிக்கு 26, 27 ஆகிவிடுகிறது. பங்குனி, சித்திரையில் 35. மதிய நேரத்தில் மட்டும் கருவியை ஓட்டித் தண்ணீரைச் சூடாக்கி, வெப்பம் போகாத தொட்டியில் வைத்துக்கொண்டால், பாறையில் கிடைப்பது காற்றிலேயே கிடைக்கிறது. அதற்குமேல் இன்னொரு சிக்கல். ஸ்வீடனில் போருக்குள் நிலத்தடி நீர் தானாக நிரம்பி நிற்கும். குழாய் அந்த நீரில் தொங்குகிறது, நீர்தான் பாறையின் சூட்டைக் குழாய்க்குக் கடத்துகிறது. என்னுடையது காய்ந்த போர். குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் வெறும் காற்று இருந்தால் சூடு கடக்காது. அடிவரை பென்டோனைட் களிமண் கலவையை இறக்கி நிரப்ப வேண்டும். ஏழு பேர் குளிப்பதற்கு அவ்வளவு செலவு நியாயமில்லை. அந்தப் போரை இப்போது கூரை மழைநீர் இறங்கும் இடமாக்கிவிட்டோம். பக்கத்தில் ஜல்லியும் மணலும் போட்டு ஒரு வடிகட்டும் குழி. மனைவிக்கு அதில் ஓரளவு ஆறுதல்.

ஆக, காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் என்று முடிவானது. இது வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபிரிட்ஜின் பின்பக்கம் கை வைத்தால் சுடும் இல்லையா? உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுவதால் வருவது அது. ஹீட் பம்ப் வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தொட்டித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. 200 லிட்டரை 22 டிகிரியிலிருந்து 52-க்குக் கொண்டுபோக 7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். கீசர் அந்த ஏழையும் மின்சாரத்திலிருந்தே எடுக்கும். ஹீட் பம்ப் இரண்டு, இரண்டரை யூனிட் மின்சாரம் எடுத்துக்கொண்டு மீதியைக் காற்றிலிருந்து வாங்கிக்கொள்ளும்.

கருவி 94,000 ரூபாய். பீடம், குழாய், உறை, கூலி எல்லாம் சேர்ந்து 14,000. வாங்கும்போது நான் பிடிவாதமாகக் கேட்டது ஒன்றே ஒன்று. கருவிக்குள் சூட்டைச் சுமந்து சுற்றும் கேஸ் ஓடும் காயில் தொட்டிக்குள் முங்கி இருக்கக் கூடாது, தொட்டியின் வெளிச்சுவரைச் சுற்றி இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் எங்கள் தண்ணீருக்கு இரண்டு வருடத்தில் அதன் மேல் ஓடு கட்டிவிடும். வெளியே சுற்றியிருந்தால் உப்பு அடியில்தான் தங்கும், கழுவி வெளியே விடலாம். கடையில் இருந்தவருக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. கருவியின் படத்தை வாங்கி நானே பார்த்து உறுதி செய்துகொண்டேன். உப்புத் தண்ணீர் உள்ளவர்கள் வேறு எதைக் கேட்க மறந்தாலும் இதைக் கேளுங்கள்.

பொருத்த வந்தவர்கள் மூன்று பேர், காலை 10 மணிக்கு வந்து மாலை 5-க்கு முடித்துவிட்டார்கள். வேகம்தான், ஆனால் மூன்று தவறுகள்.

முதலாவது இடம். வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் மூன்றடிச் சந்து இருக்கிறது. அங்கே வைத்துவிட்டார்கள். கருவி ஒரு பக்கம் காற்றை இழுத்து மறுபக்கம் குளிர்ந்த காற்றாக வெளியே தள்ளும். சந்தில் அந்தக் குளிர்ந்த காற்று சுவரில் மோதித் திரும்பி வந்து மறுபடி உள்ளேயே போனது. முதல் வாரம் 200 லிட்டருக்கு ஆறு மணி நேரம் பிடித்தது. போதாததற்கு அம்மா படுக்கும் அறை ஜன்னல் அந்தச் சந்தைப் பார்த்தது. "என்ன சாமி, ராத்திரி பூரா யாரோ மாவு அரைக்கிற மாதிரி இருக்குது" என்றார். கிழக்குத் திறந்த வராந்தாவுக்கு மாற்றினேன். அதற்குத் தனியாக 6,500 ரூபாய் ஆனது. மாற்றியபின் நான்கு மணி நேரத்துக்குள் முடிந்தது. சத்தம், வேகமாகச் சுழலும் டேபிள் ஃபேன் அளவு. வராந்தாவில் அந்தக் குளிர்ந்த காற்று வரும் இடத்தில் மனைவி கீரைக் கட்டையும் தக்காளிக் கூடையையும் வைத்துவிடுகிறார், மாலைவரை வாடுவதில்லை. கருவியிலிருந்து சொட்டும் தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகிறது.

இரண்டாவது, பச்சைத் தண்ணீர் உள்ளே போகும் குழாயில் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வை வைக்கவே இல்லை. நான்காம் நாள் சமையலறைக் குழாயில் பச்சைத் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்ததும்தான் புரிந்தது. வெந்நீர் பின்னாலேயே ஏறி மாடித் தொட்டிக் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. 400 ரூபாய் வால்வு. அதே சமயம், அழுத்தம் கூடினால் திறந்து வெளியேற்றும் சேஃப்டி வால்வின் வாயில் ஒரு மூடியைத் திருகி வைத்திருந்தார்கள், "சொட்டுது சார், அதான்" என்று. தண்ணீர் சூடாகும்போது பெருக்கும். கொஞ்சம் சொட்டத்தான் வேண்டும். அதை அடைப்பது ஆபத்தான காரியம். உங்கள் வீட்டில் அப்படி அடைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது தவறு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கரண்ட் குறையவே இல்லை. தனி மீட்டர் போட்டிருந்ததால் தெரிந்தது, நாளுக்கு 5 யூனிட்டுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. கருவிக்குள் அவசரத்துக்கு என்று 1.5 கிலோவாட் ஹீட்டர் ஒன்றும் இருக்கிறது. பொருத்தியவர் இரண்டும் சேர்ந்து ஓடும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்போதுதான் தண்ணீர் சீக்கிரம் சுட்டு, வாடிக்கையாளர் திருப்தி அடைவார் போலிருக்கிறது. அதை நிறுத்தி, மதியம் 12 முதல் 4 வரை மட்டும் ஓடும்படி டைமர் வைத்த அன்றே 2.6 ஆகிவிட்டது. மதியத்தில் ஓட்டுவதில் இன்னொரு நன்மை. எங்கள் தெருவில் மாலை ஆனால் மின்னழுத்தம் 180-க்கு இறங்கும், கம்ப்ரசருக்கு அது நல்லதல்ல.

எர்த் விஷயத்தையும் இங்கேயே சொல்கிறேன். எங்கள் நிலம் பாறை, இரண்டடிக்குக் கீழ் மண்ணே இல்லை. வீடு கட்டியபோது போட்ட எர்த் காய்ந்துபோய்ப் பெயருக்குத்தான் இருந்தது. தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் இதை விடக் கூடாது. தென்னை மரத்தடியில், எப்போதும் ஈரம் இருக்கும் இடத்தில், கரியும் உப்பும் போட்டுப் புதிதாக எர்த் போட்டு, மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வைத்தேன். கடைக்காரர் இதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

இனி தண்ணீர். இந்த மாவட்டத்தில் வெந்நீர்க் கருவி எதுவானாலும் அதன் ஆயுளைத் தீர்மானிப்பது இதுதான். எங்கள் போர் தண்ணீரைக் குடிநீர் வாரிய ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தேன். கடினத்தன்மை லிட்டருக்கு 620 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீருக்கு 200 இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை ஏற்கலாம். புளோரைடு 1.9, அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 1.5. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல் கறை படிந்து, எலும்பு வளைந்த முந்தைய தலைமுறையை நான் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர்தான். குளியலுக்குப் போர்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கருவி வந்த புதிதில் மருமகள் கேஸ் மிச்சமாகும் என்று உலை வைக்க வெந்நீர்க் குழாயில் பிடித்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் அது போர் தண்ணீர், தொட்டியில் நின்று, உப்போடு கலந்து வருவது. புளோரைடு காய்ச்சினால் போகாது. வேண்டாம்மா என்று சொல்லி நிறுத்தினேன். உங்கள் வீட்டிலும் இது நடக்கலாம், முன்பே சொல்லி வையுங்கள்.

தொட்டியின் உள்பக்கம் எனாமல் பூச்சு. பூச்சில் நுண்ணிய கீறல் இருந்தாலும் துரு அங்கே தொடங்கும். அதைத் தடுக்க உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி தொங்கும். ஆனோடு ராடு என்று கேட்டால் கொடுப்பார்கள். தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதுதான் அதன் வேலை. விற்றவரும் பொருத்தியவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உத்தரவாத அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது: வருடா வருடம் கம்பியைப் பார்க்காவிட்டால் தொட்டிக்கு உத்தரவாதம் இல்லை. 14-ஆம் மாதம் நானே பெரிய பாக்ஸ் ஸ்பானர் போட்டுக் கழற்றினேன். பெருவிரல் தடிமன் இருந்த கம்பி, உள்ளே இருக்கும் இரும்பு நரம்பு மட்டும் மிஞ்சி, கருவாட்டு முள்போல வந்தது. இன்னும் நான்கைந்து மாதம் விட்டிருந்தால் 94,000 ரூபாய்க் கருவியின் தொட்டி அரிக்கத் தொடங்கியிருக்கும். கம்பியின் விலை 1,800. சோலார் தொட்டி ஏன் ஒழுகியது என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கியது. ஒன்பது வருடத்தில் அதன் கம்பியை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடி உப்பைக் கழுவிவிடுகிறேன். கரண்டை நிறுத்தி, வெந்நீர்க் குழாயில் கொஞ்சம் பிடித்துச் சூட்டைக் குறைத்துவிட்டு, அடி வடிகுழாயில் தோட்டத்து ஹோஸை மாட்டித் திறந்தால் முதலில் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வரும். அரிசி நொய் அளவில் வெள்ளைத் துகள்கள் வரும். தெளிவாக வரும்வரை விட வேண்டும், 20, 30 லிட்டர் போகும். சூட்டை 60-க்கு மேல் வைத்தால் உப்புப் படிவு அதிகமாகும், அதனால் 52-ல் வைத்திருக்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீர் நாள்கணக்கில் நின்றால் கிருமி வளரும் என்பதால் வாரம் ஒருமுறை, ஞாயிறு மதியம், 60 வரை போக விடுகிறேன். அன்று பிள்ளைகளைத் தனியாகக் குழாயைத் திறக்க விடுவதில்லை.

உப்பு நீக்கும் கருவியும் 18,000 கொடுத்து வாங்கி முன்னால் வைத்தேன். ஒட்டுமொத்தமாக நல்லதுதான், சோப்பும் நுரைக்கிறது. ஆனால் உப்பு நீக்கிய தண்ணீரில் அந்த மெக்னீசியம் கம்பி இன்னும் வேகமாகக் கரையும் என்பதை மறக்கக் கூடாது. அதனால் கம்பியை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன். உப்பு நீக்கும் கருவியைக் கழுவும்போது வரும் உப்புக் கழிவைச் செடிக்கு விடாதீர்கள், எங்கள் செம்பருத்தி அதில்தான் பட்டுப்போனது.

ஹீட் பம்பின் வெளிப்பக்கம் காற்று நுழையும் தகடுகளில் தூசி சேரும். எங்கள் சாலையில் கல் ஏற்றிய லாரிகள் நாள் முழுக்கப் போகும். கோடையில் மாதம் ஒருமுறை பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டி, லேசாகத் தண்ணீர் விடுகிறேன். கார் கழுவும் பிரஷர் பம்பை வைத்து அடித்தால் தகடு மடங்கிவிடும்.

பழுது என்று வந்தது ஒரே முறை, 2024 ஜூனில். பல்லி ஒன்று உள்ளே புகுந்து எலக்ட்ரானிக் போர்டில் ஒட்டிக்கொண்டு, அதுவும் செத்து, போர்டையும் கருக்கிவிட்டது. புகார் எண்ணில் மூன்று நாள் பேசினேன். ஒவ்வொரு முறையும் வேறு ஆள், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை. போர்டு வர 11 நாள் ஆனது. அந்த 11 நாளும் பரணில் இருந்த செம்புப் பாய்லரை இறக்கினோம். மருமகளுக்கு அதைப் பற்றவைக்கத் தெரியாது. அம்மா திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொடுத்தார். உத்தரவாதத்தில் இருந்ததால் காசு வாங்கவில்லை, ஆனால் 83 வயது ஆள் இருக்கும் வீட்டில் 11 நாள் என்பது எனக்கு ஏற்க முடியாதது. கடைசியில் மாற்ற வந்தது கெலமங்கலத்துக்காரத் தம்பி ஒருவர். வேலை சுத்தம். போர்டுப் பெட்டியின் துளைகளில் எறும்புகூடப் போகாத அளவுக்குக் கொசுவலைக் கம்பி வைத்து அடைத்துவிட்டு, "ஐயா, இதைக் கம்பெனியிலேயே செஞ்சு அனுப்பணும், நானும் எழுதிப் போட்டுட்டேதான் இருக்கேன்" என்றார். அன்றிலிருந்து அவரைத்தான் நேரடியாகக் கூப்பிடுகிறேன்.

இன்னொன்று. வேறொரு ஆள் ஒருமுறை வந்து, வருடா வருடம் கேஸ் நிரப்ப வேண்டும், 3,500 ஆகும் என்றார். என் 31 வருட அனுபவத்தில் சொல்கிறேன், நம்பாதீர்கள். கேஸ் மூடிய சுற்றில் ஓடுகிறது, அது தீர்ந்துபோகும் பொருள் இல்லை. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்புவது காசைக் காற்றில் விடுவது.

பணக் கணக்குக்கு வருகிறேன். கீசர் ஓடிய 2022-23 குளிர்காலத்தில், நாங்கள் ஸ்வீடன் கிளம்பும் முன் வந்த இரண்டு மாத பில் 650 யூனிட், 3,200 ரூபாய். ஹீட் பம்ப் சரியாக ஓடத் தொடங்கியபின் அதே பருவத்தில் 400 யூனிட், 1,200-க்குள். யூனிட் குறைந்ததைவிடப் பில் அதிகமாகக் குறைந்ததற்குக் காரணம், 500 யூனிட்டைத் தாண்டினால் மின்வாரியத்தின் கட்டணப் பட்டியலே மாறிவிடும். இப்போது அதற்குக் கீழே இருக்கிறோம். கோடையில் ஹீட் பம்ப் நாளுக்கு 1.3 யூனிட்தான் எடுக்கிறது, ஆனால் கீசரும் அப்போது குறைவாகத்தான் எடுத்திருக்கும். முழு வருடத்துக்கும் கூட்டிப் பார்த்தால் மிச்சம் சுமார் 8,000 ரூபாய். விற்றவர் மூன்றே வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும் என்றார். உப்பு நீக்கியைச் சேர்க்காமலே 1,14,500 போட்டிருக்கிறேன். 14 வருடம் ஆகும். கீசர் காயில் மாற்றும் செலவு மிச்சம் என்று சேர்த்தாலும் 12. கருவியின் ஆயுளும் அவ்வளவுதான் இருக்கும். ஆக, வீட்டுக்கு இதை லாபத்துக்காக வாங்கினேன் என்று சொல்ல முடியாது. விடிகாலை 5 மணிக்கு அம்மா யாரையும் எழுப்பாமல், சுவிட்ச் தேடாமல், குழாயைத் திறந்து முழங்காலில் ஊற்றிக்கொள்கிறார். எனக்கு அந்தப் பணம் அதற்காகப் போனது, அதில் எனக்கு நிறைவு.

அந்த 5 மணிக் குழாயிலும் ஒரு குறை இருந்தது. வராந்தாவிலிருந்து அம்மாவின் குளியலறை 14 மீட்டர். முக்கால் அங்குலக் குழாயில் நிற்கும் மூன்றரை லிட்டர் குளிர்ந்த தண்ணீர் போனபிறகுதான் சூடு வரும். குழாய்க்கு நுரை உறை போட்டிருந்தும் இரவு முழுக்க நின்றால் ஆறத்தான் செய்யும். முதலில் ஒரு வாளியில் அதைப் பிடித்துத் துணிக்கு வைத்துக்கொள்கிறோம். புதிதாக வீடு கட்டுபவர்கள் கருவியைக் குளியலறைக்கு ஒட்டினாற்போல வைக்கத் திட்டமிடுங்கள்.

பாலக்கோட்டில் இருக்கும் தங்கை, பார்த்துவிட்டுத் தானும் வாங்கவா என்று கேட்டாள். வேண்டாம்மா என்றேன். அவர்கள் மூன்று பேர், ஊரும் எங்களைவிட வெப்பம், வீட்டுக்கு வரும் தண்ணீரும் பரவாயில்லை. அவளுக்குச் சோலார் போதும், அதுவும் இல்லாமல் ஒரு சின்ன கீசரே போதும். மாறாக, ஓசூர் பாகலூர் சாலையில் 40 பையன்கள் தங்கும் விடுதி நடத்தும் என் பழைய சக ஊழியரிடம் உடனே வாங்கச் சொன்னேன். அங்கே நாளுக்கு 1,000 லிட்டர். கீசரில் 35 யூனிட், இதில் 11. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் நாளுக்கு 190 ரூபாய் மிச்சம். அவருக்குத்தான் அந்த மூன்று வருடக் கணக்கு பொருந்தும். ஐந்து பேருக்கு மேல் இருக்கும் வீடு, வயதானவர்களோ கைக்குழந்தையோ இருக்கும் வீடு, தளி மாதிரிக் குளிர்ந்த ஊர் என்றால் யோசிக்கலாம். மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம்.

கருவிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. விற்பனைக்கும் பொருத்தியதற்கும் இரண்டு. கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு ஒன்று. கெலமங்கலத்துத் தம்பிக்கு ஐந்து. அடுத்த மெக்னீசியம் கம்பியை முன்கூட்டியே வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். மார்கழி பிறப்பதற்குள் மாற்ற வேண்டும், வியாழக்கிழமை வருவதாக அவர் சொல்லியிருக்கிறார்.